அவர் வரமாட்டார் என்று சொன்னவள்

மாரடைப்பு வந்து பிழைத்தவர்கள் அதைப் பற்றி எழுதுவதைப் பத்திரிகைகளில் படித்திருக்கிறேன். பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த பெண்டாட்டி எழுதி ஒன்றும் படித்ததில்லை. நோய் என்னவோ என் வீட்டுக்காரருக்குத்தான் வந்தது, அவருக்குக் குணமும் ஆகிவிட்டது. ஆனால் அதில் ஒரு பாதி இன்னும் என்னிடம் இருக்கிறது. இனிமேல் யார் வீட்டிலாவது இப்படி நேர்ந்தால், டாக்டர் சொல்ல மறந்துவிடுகிற ஒரு விஷயத்தை நான் சொல்லி வைக்கலாமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில், அடையவளஞ்சான் தெருவில். என் வீட்டுக்காரர் திருச்சியில் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. பெயரை எழுத மாட்டேன். புருஷன் பெயரைச் சொன்னால் ஆயுசு குறையும் என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நான், அவர் ஆயுசோடு நான் பட்ட பாடு போதும். குமாஸ்தா வேலை சம்பளத்துக்கு. அவர் மனசு இருந்த வேலை பந்தி விசாரிப்பது. கல்யாணமோ கருமாதியோ, சமையல்காரர் சமைப்பார், பிள்ளைகள் பரிமாறுவார்கள். ஆனால் இலை வரிசைக்கு நடுவே நடந்து, "அண்ணனுக்கு இன்னும் கொஞ்சம் ரசம் விடு, அந்த ஓரத்து இலையில அப்பளம் இல்லை பாரு" என்று ஒவ்வொருவரையும் முகம் பார்த்துக் கேட்க ஒருத்தர் வேண்டுமே, அவர்தான் இவர். சாப்பிட்டவர்களில் ஒருவர்கூட முகம் கோணாமல் கை கழுவ எழுந்தால்தான் அந்த வீட்டுக்கு மரியாதை. இவர் நின்றால் யார் முகமும் கோணாது.

இதற்குக் கூலி கிடையாது. வீட்டுக்கு வந்து, தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்து நீட்டுவார்கள். தட்டை வாங்கிக்கொண்டால் ஒப்புக்கொண்டதாக அர்த்தம். நீட்டிய தட்டை அவர் வாங்காமல் விட்டதே இல்லை. ஒரே முகூர்த்தத்துக்கு இரண்டு வீட்டுத் தட்டை வாங்கிவிட்டு, உறையூருக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் நடுவே காவேரிப் பாலத்தில் சைக்கிளில் பறந்ததும் உண்டு. பந்தி போக, பென்ஷன் மனு, பள்ளிக்கூட சிபாரிசு, பாகப்பிரிவினை பஞ்சாயத்து. வைகுண்ட ஏகாதசி வந்தால் எந்த ஊரிலிருந்தோ யாரோ சொன்னார்கள் என்று மூட்டை முடிச்சோடு வந்து எங்கள் கூடத்தில் படுத்திருப்பார்கள். எனக்கு அவர்கள் பெயர்கூடத் தெரியாது, காபி மட்டும் போட்டுக் கொடுப்பேன்.

கேட்டால், "வாசல் தேடி வந்தவங்களை இல்லைன்னு எப்படி அனுப்பறது பங்கஜம்?" என்பார். வாசலுக்கு உள்ளே இருந்த எங்களுக்கு அந்தக் கவலையே இல்லை. நாங்கள் எதையும் கேட்பதை எப்போதோ விட்டுவிட்டிருந்தோம். காவேரி எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். எங்களுக்குக் கல்யாணமானதிலிருந்து எங்கள் மகள் வசந்தா பள்ளிக்கூடம் முடிக்கிற வரைக்கும், அம்மா மண்டபத்துப் படித்துறையில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்ததில்லை என்றால் நம்புவீர்களா?

அணா போய் நயா பைசா வந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. தை மாத முகூர்த்தம், உறையூரில் ஒரு சத்திரத்தில் கல்யாணம். இரண்டாவது பந்தி நடந்துகொண்டிருந்தது. நான் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தேன். நெய்க் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தவர் திடீரென்று சுவரோரம் அடுக்கியிருந்த வாழை இலைக் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டார். ஓடிப் போய்ப் பார்த்தால் சட்டை முழுக்க நனைந்திருக்கிறது. முகம் சாம்பல். நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்றார். இடது கை மரத்துப்போகிறது என்றார். "வாயுதாங்க, ஒரு சோடா குடிச்சா சரியாயிடும்" என்று யாரோ சோடா உடைத்துக் கொடுத்தார்கள். வாடகைக் காரில் ஏற்றும்போதும் அவர் திரும்பிப் பார்த்து, "மூணாவது பந்திக்கு ரசம் பத்தாதுப்பா, பாத்துக்க" என்றார். சிரிப்பும் அழுகையும் ஒரே நேரத்தில் வரும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

திருச்சிப் பெரிய ஆஸ்பத்திரியில் முதலில் ஒரு ஊசி போட்டார்கள். வலி மறந்து கண் செருகியது. பிறகு கையிலும் காலிலும் தகடுகளைக் கட்டி, ஒரு பெட்டியோடு இணைத்தார்கள். பெட்டியிலிருந்து நீளமாகக் காகிதம் வந்தது, அதில் மேலும் கீழுமாக ஒரு கோடு. இருதயம் துடிக்கிறபோது உண்டாகிற மின்சாரத்தை அந்தப் பெட்டி கோடாக எழுதுகிறதாம். என்ன மின்சாரமோ, எங்கள் வீட்டில் அப்போது ஒரே ஒரு பல்புதான் இருந்தது. டாக்டர் சின்ன வயசுக்காரர். காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டார்.

"அம்மா, இருதயமும் ஒரு சதைதான். அதுக்கும் ரத்தம் வேணும். அந்த ரத்தம் போற குழாய் ஒண்ணு அடைச்சுப் போச்சு. அதனால சதையில ஒரு பக்கம் செத்துப் போச்சு. அந்த இடத்துல தழும்பு கட்டி இறுகணும். புதுசாப் பூசின சுவர் காயறதுக்கு முன்னாடி சாய்ஞ்சா என்ன ஆகும்?"

"பேந்துடும்."

"அதுதான். ஆறு வாரம் படுக்கை. எழுந்திருக்கக் கூடாது, கையைத் தூக்கக் கூடாது, பேசக் கூடாது. முக்கியமா யாரும் வந்து அவரைப் பேச வைக்கக் கூடாது. இன்னொரு தடவை வந்தா எங்களால ஒண்ணும் செய்ய முடியாது."

கடைசி வாக்கியத்தை அவர் மெதுவாகத்தான் சொன்னார். எனக்குக் காதில் மணி அடித்த மாதிரி கேட்டது.

பொது வார்டில் ஜன்னலோரக் கட்டில். முதல் சில நாட்கள் மூக்கில் பிராணவாயுக் குழாய். மலஜலம் எல்லாம் படுக்கையில்தான். ஊரார் இலையில் உப்பு சரியாக இருக்கிறதா என்று பார்த்த மனுஷன், பெட்பேனுக்காக என் முகத்தைப் பார்க்க முடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். சாப்பாட்டில் உப்பு கூடாது. "இந்தக் கஞ்சியை எவனாவது பந்தியில வச்சா ஊரை விட்டு ஓட வேண்டியதுதான்" என்று ஒரு நாள் முணுமுணுத்தார். அவர் பிழைத்துவிடுவார் என்று எனக்கு அப்போதுதான் நம்பிக்கை வந்தது. ராத்திரிகளில் நான் கட்டிலுக்குக் கீழே பாயில் படுத்துக்கொண்டு, அவர் மூச்சு வருகிறதா என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். மேலே அவர் புரண்டால் பயம், புரளாவிட்டால் அதைவிடப் பயம்.

வசந்தா விடிவதற்கு முன் எழுந்து சமைத்து, டிபன் கேரியரோடு பஸ் ஏறிப் பாலம் தாண்டி வருவாள். அடித்தட்டில் எனக்கென்று தனியாக நார்த்தங்காய் ஊறுகாயும் தயிர் சாதமும் இருக்கும். அப்பா கண்ணில் பட்டால் உப்புக்கு ஏங்குவார் என்று, என்னைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிப் போய்ச் சாப்பிட வைப்பாள். மண்ணச்சநல்லூர் அரிசி ஆலையில் வேலை பார்த்த என் தம்பி, கஞ்சிக்கு நொய்யும் மருந்துக்குப் பணமும் கொண்டு வந்து, எவ்வளவு என்று நான் கேட்பதற்குள் ஓடிவிடுவான். இதையெல்லாம் நினைத்தால் இப்போதும் கண் நிறைகிறது.

பிரச்சினை சாயங்காலம் தொடங்கும். பார்வையாளர் நேரத்துக்கு மணி அடித்ததும் ஸ்ரீரங்கமே பாலம் தாண்டி வந்துவிடும். சாத்துக்குடி, ஹார்லிக்ஸ், கோயில் துளசி. சுற்றி நின்றுகொண்டு, "எப்படி வந்துச்சு, எந்தப் பக்கம் வலிச்சுது?" என்று கேட்பார்கள். அவர் ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து கதை சொல்வார். பாதிப் பேர் கிளம்பும்போது, "நீங்க சீக்கிரம் எழுந்திரிங்கண்ணே, சித்திரையில நம்ம வீட்டுல விசேஷம்" என்பார்கள். அவர், "அதுக்கென்ன, வந்துடறேன்" என்பார். அவர்கள் போன பிறகு நாடி பிடித்துப் பார்க்கிற நர்சின் முகம் மாறும்.

அடுத்த கட்டிலில் வையம்பட்டிப் பக்கத்து விவசாயி ஒருவர் இருந்தார். அவர் மனைவி ஒரு நாள் பெருமூச்சோடு சொன்னாள்: "எங்களைப் பாக்க ஒரு நாதி வரலையேன்னு எனக்கு அழுகை. உங்களுக்கு வர்றாங்களேன்னு அழுகை. என்ன பொழப்போ போங்க."

நான் தலைமை நர்சிடம் போய் முறையிட்டேன். "நீங்க யாரையும் உள்ள விடாதீங்கம்மா." அவள் தலையை ஆட்டினாள். "நாங்க விரட்டினா நாளைக்கு வேற வழியா வருவாங்க. வீட்டுக்காரங்க சொன்னாத்தான் மறுபடி வரமாட்டாங்க. நீங்க சொல்லுங்க." அவள் சொன்னது ரொம்ப நியாயமாக எனக்குப் பட்டது.

மறுநாளே வந்தார் தங்கவேலு. எங்கள் தெரு முனையில் மளிகைக் கடை வைத்திருந்தவர். அவர் தங்கை சரோஜா எங்கள் எதிர்வீடு. எனக்கு மூத்தவள், ஆனால் "வாடி, போடி" என்கிற சிநேகம். எங்கள் வீட்டு உளுந்து அவள் வீட்டு உரலில்தான் அரைபடும். தங்கவேலு சட்டைக்குள்ளிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். பிரித்தால் வெற்றிலை, பாக்கு, இரண்டு பழம். அங்கேயே இருந்த தட்டில் அதை வைத்து என் வீட்டுக்காரர் நெஞ்சுக்கு நேரே நீட்டினார். "பொண்ணுக்கு வைகாசியில முகூர்த்தம் குறிச்சாச்சுண்ணே. அதுக்குள்ள நீங்க குதிரை மாதிரி எழுந்திரிச்சுடுவீங்க. நீங்க இல்லாம எனக்குப் பந்தி இல்லை."

அவருடைய வலது கை போர்வைக்கு வெளியே வந்தது. தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன அதே கை. அது தட்டை நோக்கிப் போவதைப் பார்த்தேன். எனக்கு வேறு எதுவும் தெரியவில்லை. தட்டை நான் பிடுங்கி, தங்கவேலு கையிலேயே திரும்ப வைத்தேன்.

"அவர் வரமாட்டாரு. வைகாசிக்கும் வரமாட்டாரு, ஆவணிக்கும் வரமாட்டாரு. எடுத்துட்டுப் போங்க."

கல்யாண வீட்டு வெற்றிலை பாக்கைத் திருப்பிக் கொடுப்பது எங்கள் பக்கத்தில் சாதாரணக் காரியம் இல்லை. அந்தக் கல்யாணமே வேண்டாம் என்று சொல்கிற மாதிரி. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குத் தாம்பூலம் கொண்டு வந்தாரே, அது என்ன சகுனம் என்று யாரும் கேட்கவில்லை. தங்கவேலு முகம் கறுத்துப்போய், பொட்டலத்தைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

இவர் கோபிப்பார் என்று நினைத்துத் திரும்பினேன். கண்ணை மூடிக்கொண்டு, "நல்லதாப் போச்சு பங்கஜம்" என்றார். அன்று சாயங்காலம் தூங்கினார் பாருங்கள், ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு அப்படி ஒரு தூக்கம் அவர் தூங்கியதில்லை. நாடி நிதானமாக இருக்கிறது என்று நர்ஸ் என்னைத் தட்டிக் கொடுத்தாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்?

அதற்குப் பிறகு அது ஒரு வழக்கமாகிவிட்டது. யாராவது ஏதாவது கேட்டால் அவர் என் பக்கம் பார்ப்பார். நான், "முடியாதுங்க, டாக்டர் கூடாதுன்னுட்டார்" என்பேன். உடனே அவர் முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு, "எனக்கென்ன, வரலாம்னுதான் இருக்கு. இவ விடமாட்டேங்கறா" என்பார். வந்தவர்கள் அவரைப் பார்த்து உச்சுக் கொட்டுவார்கள், என்னைப் பார்த்து மோவாயைத் தோளில் இடிப்பார்கள். முதலில் எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. உயிர் பிழைத்தால் சரி, யார் எப்படிப் பார்த்தால் என்ன என்று நினைத்தேன். கெட்ட பெயர் காய்ச்சல் மாதிரி, சில நாளில் இறங்கிவிடும் என்றுதான் எண்ணியிருந்தேன்.

ஆறு வாரம் கழித்து வீட்டுக்கு வந்தோம். வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ள ஒரு சின்ன மாத்திரை. குழாயைக் கொஞ்சம் விரித்து ரத்தம் போக வழி செய்யுமாம். ஆபீஸ் போகலாம், மாடி ஏறக் கூடாது, நெடுநேரம் நிற்கக் கூடாது. பந்தி கூடவே கூடாது.

எங்கள் வாழ்க்கையில் முதல் தடவையாக இடம் உண்டானது. ஞாயிற்றுக்கிழமை என்று ஒரு கிழமை இருப்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்ததும் மெதுவாக நடந்து அம்மா மண்டபம் போவோம். படியில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்போம். பேச ஒன்றும் இருக்காது. வசந்தா கணக்கில் கெட்டிக்காரி என்பதை அவளுடைய அப்பா அந்த வருஷம்தான் கண்டுபிடித்தார். ஒரு நாள் திடீரென்று, "உனக்கு என்ன கறி பிடிக்கும் பங்கஜம்?" என்று கேட்டார். ஊரில் இருக்கிற அத்தனை பேருக்கும் என்ன பிடிக்கும் என்று தெரிந்த மனுஷன்! அந்தச் சாயங்காலங்களை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆனால் தெருவில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை நான் தாமதமாகத்தான் கவனித்தேன். குங்குமச் சிமிழோடு விசேஷத்துக்கு அழைக்க வருகிற பெண்கள் எங்கள் வாசலைத் தாண்டிப் போனார்கள். தங்கவேலு மகள் கல்யாணத்துக்கு அழைப்பு என் வீட்டுக்காரர் பெயருக்கு மட்டும் வந்தது, என்னை வாய் வார்த்தையாகக்கூட யாரும் கூப்பிடவில்லை. சரோஜா வீட்டு உரல் எப்போது போனாலும் "இப்பத்தான் கழுவி வச்சோம்" என்றது. ராங்கிக்காரி, புருஷனை முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறவள் என்று என்னைப் பற்றிப் பேச்சு. அவர் தெருவில் நடந்தால் மட்டும், "அண்ணே எப்படி இருக்கீங்க?" என்று நாலு பேர் கூடினார்கள்.

ஆடிப்பெருக்கு வந்தது. எல்லா வருஷமும் தெருப் பெண்கள் சேர்ந்து சித்திரான்னம் கட்டிக்கொண்டு காவேரிக்குப் போவோம். பூஜை முடிந்ததும் மூத்த சுமங்கலி மற்றவர்களுக்கு மஞ்சள் கயிறு கட்டுவாள். எனக்கு எப்போதும் சரோஜாதான் கட்டுவாள். அந்த வருஷம் யாரும் கூப்பிடவில்லை. நானும் வசந்தாவும் தனியாகப் போய் அவர்களுக்குப் பக்கத்துப் படியில் உட்கார்ந்தோம். சரோஜா வரிசையாகக் கட்டிக்கொண்டே வந்தாள். வசந்தாவின் மணிக்கட்டில் கட்டினாள். அடுத்து நான் கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் கயிற்றை என் உள்ளங்கையில் வைத்தாள்.

"நீங்களே கட்டிக்குங்க. உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே."

கயிற்றைவிட அந்த "நீங்க" என்னைச் சுட்டது. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. நானே கட்டிக்கொண்டேன், முடிச்சு கழுத்துக்குப் பின்னால் நிற்கவே இல்லை. வசந்தாதான் கட்டிவிட்டாள்.

அன்று சாயங்காலம் அவரிடம் சொல்லி அழுதேன். "உங்க உசுருக்காகச் சொன்னேன். சொன்னதுக்கு வருத்தப்படலை. ஆனா ஒவ்வொரு தடவையும் 'இவ விடமாட்டேங்கறா'ன்னு என் தலையில போட்டீங்களே. ஒரே ஒரு தடவை, 'எனக்கு முடியாது'ன்னு உங்க வாயால சொல்லியிருந்தா அவங்க ஏத்துக்கிட்டிருப்பாங்க. உங்களை அவங்களுக்குப் பிடிக்கும்." அவர் எழுந்து எனக்குத் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார். பிறகு, "அடுத்த தடவை நானே சொல்லிடறேன் பங்கஜம்" என்றார். எழுதிக் கொடுத்த மாதிரி சொன்னார்.

அடுத்த தடவை அடுத்த தை மாதம் வந்தது. வந்தது சரோஜாவும் அவள் புருஷனும். மூத்த மகளுக்குக் கல்யாணம். அவள் கையில் தட்டு. "வாங்க" என்று சொல்லி, தண்ணீர் கொடுத்துவிட்டு, அடுக்களைக்குள் போய்க் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். எட்டிப் பார்க்கக் கூடாது, வாயைத் திறக்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் தட்டை வாங்கிவிட்டால் இன்னொரு மாரடைப்பு. நான் போய்த் தடுத்தால் சரோஜா எனக்கு இல்லை.

"உடம்பு தேறிட்டீங்கண்ணே. ஒரே ஒரு பந்தி மட்டும் நின்னு குடுத்தாப் போதும்" என்றாள் சரோஜா.

அவர் கண் அடுக்களைக் கதவைத் தேடியிருக்கும், எனக்குத் தெரியும். பிறகு குரல் வந்தது. பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற பையன் குரல்.

"இல்லம்மா. என்னால முடியாது. நிக்க முடியலை. தப்பா எடுத்துக்காத. கல்யாணத்துக்கு வந்து உக்காந்து சாப்பிடறேன், பந்தி விசாரிக்க மட்டும் வேற ஆளைப் பாத்துக்கங்க."

கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நன்றாகத்தான் சொன்னார். இதைவிட நன்றாக யாராலும் சொல்ல முடியாது.

சரோஜா பெருமூச்சு விட்டது கேட்டது. "உங்களை நான் என்னத்த சொல்லப் போறேன்ணே? நீங்களா சொல்ற ஆளா? யாரு சொல்லிக் குடுத்து உக்கார வச்சிருக்காங்கன்னு எங்களுக்குத் தெரியாதா?" குரலைத் தாழ்த்தவும் இல்லை; எனக்குக் கேட்க வேண்டும் என்றுதான் சொன்னாள். "அங்க கதவுக்குப் பின்னாடி நிக்கறவங்களுக்கு நல்லா இருக்கட்டும்."

"சே சே, அப்படியெல்லாம் இல்லம்மா" என்று அவர் சிரித்தார். அவருக்கு இருந்த சந்தோஷத்தில், அவள் என்ன சொன்னாள் என்பதே அவர் காதில் சரியாக விழவில்லை. செருப்புச் சத்தம் படியிறங்கிப் போயிற்று.

டாக்டர்கள் சொல்லாத விஷயம் என்று முதலில் சொன்னேனே, அது இதுதான். நோயாளியின் வாயில் "முடியாது" என்ற வார்த்தை ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே வரவேண்டும். சுற்றி நிற்கிறவர்கள் நம்புகிற காலம் அது ஒன்றுதான். அன்றைக்கு அந்தத் தட்டை நான் பிடுங்காமல், அவர் கையை மட்டும் பிடித்துக்கொண்டு, "நீங்களே சொல்லுங்க" என்று காத்திருந்திருக்க வேண்டும். பயத்தில் எனக்குத் தோன்றவில்லை. அதன் பிறகு யார் மறுத்தாலும் அது என் மறுப்பாகவே ஆகிவிட்டது.

அவர் அடுக்களைக்கு வந்தார். தரையில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்துக் குனிந்தார். முகமெல்லாம் பூரிப்பு. நாங்கள் சேர்ந்து வாழ்ந்த இருபது வருஷத்தில் எந்தக் கல்யாணத்திலும் அவர் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை.

"பங்கஜம், கேட்டியா? நானே சொல்லிட்டேன். இனிமே உனக்குக் கெட்ட பேரு இல்லை. சரோஜா புரிஞ்சுக்கிட்டா இல்லே?"

ஊராருக்கெல்லாம் முடியாது என்று சொன்ன எனக்கு, அவரிடம் மட்டும் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "புரிஞ்சுக்கிட்டாங்க, ரொம்ப நல்லா சொன்னீங்க" என்றேன்.